எந்த மாத்திரை நல்லது?

அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் 34 வருடம் நின்றவன் நான். 1975-ல் சேர்ந்து 2009-ல் ஓய்வு பெற்றேன். ஆர்டரில் மருந்தாளுநர் என்று இருந்தாலும் ஊருக்கு நான் கம்பவுண்டர்தான். அந்த ஜன்னலில் அதிகம் கேட்ட கேள்வி, "சார், இதில் எந்த மாத்திரை நல்லது?" என்பது. இருமல் மருந்தென்றால் ஏதாவது பதில் சொல்லி அனுப்பிவிடலாம். மனநோய் மாத்திரைச் சீட்டை நீட்டிக்கொண்டு ஒரு தாயார் அதே கேள்வியைக் கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிட முடியாது. இந்தப் பதிவில் கொஞ்சம் நீளமாகவே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். இந்த மருந்துகள் எப்படி வந்தன, ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம், எதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்ற கதையை மட்டும் சொல்கிறேன். விலை என்று சொல்வது ரூபாய்க் கணக்கை மட்டுமல்ல.

மாத்திரைகள் வருவதற்கு முன் என்ன இருந்தது என்று நம் வயதுக்காரர்களுக்கு ஓரளவு தெரியும். சென்னையில் 1794-லேயே மனநோயாளிகளுக்கென்று ஒரு விடுதி தொடங்கப்பட்டது. அதன் வாரிசுதான் 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்த மருத்துவமனை. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று நாம் சின்ன வயதில் விளையாட்டாகச் சொல்லித் திரிந்தது அதை வைத்துத்தான். அந்தக் காலத்தில் டாக்டர்கள் கையில் இருந்தது மிகக் குறைவு. 1930-களில் இன்சுலினை அதிக அளவில் போட்டு நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தினார்கள். 1938-ல் ரோம் நகரில் மின்அதிர்ச்சி வைத்தியம் வந்தது. மூளையில் ஒரு பகுதியின் நரம்பு இழைகளை வெட்டிவிடும் அறுவைச் சிகிச்சைக்காக 1949-ல் போர்ச்சுகல் நாட்டு டாக்டர் ஈகாஸ் மோனிஸுக்கு நோபல் பரிசே கொடுத்தார்கள். வேறு வழி இல்லாத காலம் அது.

முதலில் வந்த மருந்துகளில் ஒன்று நம் நாட்டு வேர். சர்ப்பகந்தா என்ற செடியின் வேரைப் பீகார் பக்கம் பைத்தியத்துக்கான மருந்து என்றே சொல்லி விற்றார்கள். 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், இது மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் உதவுகிறது என்று கட்டுரை எழுதினார்கள். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதிய பிறகு மேல்நாட்டார் கண் அதன் மேல் பட்டது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தது. 1954-ல் அமெரிக்காவில் நேதன் கிளைன் என்ற டாக்டர் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து நல்ல பலன் என்று அறிவித்தார். பிரஷருக்காக அடெல்பேன் மாத்திரை சாப்பிட்ட பெரியவர்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் இருந்ததும் இந்த ரிசர்பின்தான்.

ஆனால் ரிசர்பின் மனநோய்க்கு நிலைக்கவில்லை. ரத்த அழுத்தத்தை இறக்கியது, மூக்கை அடைத்தது, சிலரை ஆழ்ந்த சோகத்தில் தள்ளியது. அதோடு, அதே சமயத்தில் அதைவிட வேகமாக வேலை செய்யும் இன்னொன்றும் வந்துவிட்டது.

அலர்ஜிக்குக் கொடுக்கும் பெனர்கன் தெரியும் அல்லவா? அதைச் செய்த பிரெஞ்சு ஆய்வுக்கூடத்தில் 1950 டிசம்பரில் பால் சார்பாந்தியே என்ற வேதியியலாளர் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பொருளைத் தயாரித்தார். ஹென்றி லபோரி என்ற கடற்படை அறுவைச் சிகிச்சை டாக்டர், ஆபரேஷனுக்கு முன் நோயாளியைச் சாந்தப்படுத்த ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார். இதைக் கொடுத்தபோது நோயாளி தூங்கிவிடவில்லை. விழித்திருந்தார், ஆனால் நடப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்தார். இது மனநோய்க்கு உதவுமே என்று லபோரி தன் சக டாக்டர்களிடம் சொல்லிப் பார்த்தார். 1952-ல் பாரிஸ் சான்தான் மருத்துவமனையில் ழான் தெலே, பியர் தெனிக்கேர் இருவரும் வரிசையாகப் பல நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தார்கள். கத்திக்கொண்டிருந்த வார்டு அமைதியானது. அதுதான் குளோர்ப்ரோமசின். லார்காக்டில் என்ற பெயரில் நான் டப்பா டப்பாவாக எண்ணிக் கொடுத்த மாத்திரை.

1955-ல் அமெரிக்க மனநல மருத்துவமனைகளில் மட்டும் ஏறக்குறைய 5,59,000 பேர் அடைபட்டிருந்தார்கள். அந்த எண்ணிக்கை அதன் பிறகு ஏறவே இல்லை, இறங்கத் தொடங்கியது. அதற்கு மருந்து மட்டும் காரணமல்ல, அரசின் கொள்கைகளும் மாறின. ஆனாலும் மருந்து வந்த பிறகுதான் 'இவரை வீட்டுக்கு அனுப்பலாம்' என்ற நினைப்பே டாக்டர்களுக்கு வந்தது. நம் ஊரிலும் அப்படித்தான். கீழ்ப்பாக்கத்தில் 1961-லிருந்து தலைமைப் பொறுப்பில் இருந்த டாக்டர் சாரதா மேனன், குணமடைந்தவர்கள் வெளியே வந்து வாழ்வதற்கு வழி செய்வதிலேயே தன் வாழ்நாளைக் கழித்தார். 1984-ல் அவர் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு இன்றும் சென்னையில் நடக்கிறது.

ஒன்று வந்தால் சும்மா விடுவார்களா? அதே சாயலில் பல மருந்துகள் வந்தன. அப்போதே ஒப்பிட்டுப் பார்க்கும் கேள்வியும் எழுந்தது. 1964-ல் அமெரிக்காவில் 9 மருத்துவமனைகளில் 300-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் மூன்று மருந்துகளையும் ஒரு வெற்று மாத்திரையையும் ஆறு வாரம் கொடுத்து ஒப்பிட்டார்கள். மூன்று மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தன. அந்த மூன்றுக்குள் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இந்த முடிவைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருடம் கழித்து இது வேறு உருவில் திரும்பி வரும்.

அடுத்தது ஹாலோபெரிடால். 1958 பிப்ரவரியில் பெல்ஜியத்தில் பால் ஜான்சன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. லார்காக்டில் 300 மில்லிகிராம் செய்கிற வேலையை இது 5, 6 மில்லிகிராமிலேயே செய்துவிடும். தூக்கம் குறைவு, தலைசுற்றல் குறைவு. ஆனால் உடம்பு மரக்கட்டை மாதிரி விறைக்கும், கை நடுங்கும், முகத்தில் உணர்ச்சி தெரியாது. சிலருக்குக் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். சிலரால் ஒரு இடத்தில் உட்காரவே முடியாது.

ஏன் இப்படி? இதற்கு விடை கிடைத்ததிலும் நம் சர்ப்பகந்தா வேருக்கு ஒரு பங்கு உண்டு. 1957-ல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் என்ற விஞ்ஞானி முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்தார். முயல்கள் காதைத் தொங்கவிட்டு அசையாமல் கிடந்தன. பிறகு மூளைக்குள் போய் டோபமினாக மாறக்கூடிய ஒரு பொருளைச் செலுத்தியதும் எழுந்து ஓடின. டோபமின் என்ற பொருள்தான் அசைவுக்கு ஆதாரம் என்பது அப்படித் தெரிந்தது. 2000-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனநோய் மருந்துகள் மூளையில் இந்த டோபமின் போய் ஒட்டும் இடங்களை அடைக்கின்றன என்பது பின்னால் உறுதியானது.

நம் டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஒரே ஆற்றிலிருந்து நாலு வாய்க்கால் பிரிகிறது. ஒரு வாய்க்காலில் வெள்ளம் வந்து வயல் அழுகுகிறது. காதில் குரல் கேட்பது, எல்லோரும் தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று தோன்றுவது எல்லாம் அந்த வெள்ளம். அந்த ஒரு வாய்க்காலை மட்டும் அடைக்க முடியாமல் தலைமதகை இறக்குகிறோம். வெள்ளம் வடிகிறது. ஆனால் அசைவுக்குப் போகும் வாய்க்காலும் வற்றுகிறது, அதனால் கை நடுங்குகிறது. சுரப்பிக்குப் போகும் வாய்க்காலும் வற்றுகிறது, அதனால் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கிறது, பிள்ளை பெறாதவர்களுக்கும் பால் சுரக்கிறது. சந்தோஷத்துக்கும் ஆர்வத்துக்கும் போகும் வாய்க்காலும் வற்றுவதால்தான் 'எதிலுமே பிடிப்பு இல்லை' என்று சிலர் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. என் தம்பிக்கு 1978-ல், அவனுக்கு 22 வயதில், மனச்சிதைவு நோய் வந்தது. அவன் தையற்காரன். கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தான். ரவிக்கை தைப்பதில் கெட்டிக்காரன், தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே துணி வாங்குவதை நிறுத்திவிடும் அளவுக்குக் கூட்டம் வரும். அவன் உடம்பில்தான் இந்த மருந்து வரலாற்றை நான் வரிசையாகப் பார்த்தேன்.

முதலில் லார்காக்டில். குரல்கள் அடங்கின. ஆனால் பகலெல்லாம் தூக்கம். வெயிலில் போனால் தோல் கன்றிப்போகும். பிறகு ஹாலோபெரிடால். தூக்கம் போனது, நடுக்கம் வந்தது. நடுக்கத்துக்குப் பேசிட்டேன் மாத்திரை கொடுத்தார்கள். பேசிட்டேனால் வாய் உலர்ந்தது, மலச்சிக்கல் வந்தது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று ஃப்ளூபெனசின் ஊசிக்கு மாற்றினார்கள். எண்ணெயில் கரைத்த மருந்து, ஒரு தடவை போட்டால் இரண்டு மூன்று வாரம் உடம்பில் நின்று வேலை செய்யும். மாத்திரைக்காக வீட்டில் தினமும் நடந்த சண்டை நின்றது. நடுக்கம் இன்னும் கூடியது.

அவனைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் திறமைசாலிதான். பெயர் வேண்டாம். ஒவ்வொரு முறையும் "குரல் கேட்கிறதா? சந்தேகம் வருகிறதா?" என்று கேட்பார். இல்லை என்பான். "குட்" என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். 1986-ல் தம்பி ஊசிக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஏன் என்று கேட்டேன்.

"அண்ணே, சத்தம் கேக்காம இருக்கறது உங்க எல்லாருக்கும் வேணும். எனக்கு ஊசில நூல் கோக்கணும். அத ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறீங்களே" என்றான்.

மூன்று மாதம் நன்றாகத்தான் இருந்தான். கை நடுக்கம் குறைந்தது, கடையைத் திறந்தான், தைத்தான். நாலாவது மாதம் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டுக் காணாமல் போனான். மூன்று நாள் தேடி மாயவரம் ஜங்ஷனில், செருப்பில்லாமல், யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருந்தவனைக் கூட்டி வந்தோம். மறுபடி ஊசி, மறுபடி நடுக்கம். மருந்தை விட்டால் வாழ்க்கை போகிறது, மருந்தைச் சாப்பிட்டால் பிழைப்பு போகிறது. இரண்டுக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அன்று நின்றுகொண்டிருந்தன.

இந்த நடுக்கம் மருந்தைக் குறைத்தால் குறையும். குறையாத இன்னொன்றும் உண்டு. வருடக்கணக்கில் மருந்து சாப்பிட்ட சிலருக்கு உதடும் நாக்கும் எதையோ மெல்லுவது போலத் தானாக அசைய ஆரம்பிக்கும். 1957-லேயே ஷோனெக்கர் என்ற ஜெர்மன் டாக்டர் இதைக் கவனித்து எழுதினார். 1964-ல் இதற்குத் தனிப் பெயரே வைத்தார்கள். மருந்தை நிறுத்தினாலும் பலருக்கு இது போவதில்லை. பேருந்தில் இப்படி ஒருவரைப் பார்த்தால் பைத்தியம் முற்றிவிட்டது என்று சிலர் ஒதுங்குவார்கள். அது பல சமயம் நோயின் அடையாளம் அல்ல, வைத்தியம் விட்டுப்போன தழும்பு.

கை நடுங்க வைக்காத மருந்து ஒன்று இருக்கவே இருந்தது என்பதுதான் இந்தக் கதையில் விசித்திரம். குளோசபின் என்று பெயர். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வாண்டர் என்ற கம்பெனி 1958-ல் தயாரித்தது. விறைப்பு இல்லாவிட்டால் அது மனநோய் மருந்தாகவே இருக்க முடியாது என்று அன்றைய நிபுணர்கள் பலர் நினைத்ததால் அதை முதலில் நம்பவே தயங்கினார்கள். மெல்ல நம்பத் தொடங்கியபோது இடி விழுந்தது. 1975-ல் ஃபின்லாந்தில் குளோசபின் சாப்பிட்ட சிலருக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அற்றுப்போய்த் தொற்று வந்து 8 பேர் இறந்தார்கள். பல நாடுகளில் மருந்தை ஓரம்கட்டினார்கள்.

ஆனால் வேறு எதற்கும் அசையாத நோயாளிகளை அது மட்டும் எழுப்பியதைப் பார்த்த டாக்டர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 1988-ல் அமெரிக்காவில் ஜான் கேன் என்பவர் தலைமையில், மற்ற மருந்துகள் பலிக்காத 268 பேரிடம் குளோசபினையும் பழைய குளோர்ப்ரோமசினையும் ஒப்பிட்டார்கள். ஆறு வாரத்தில் குளோசபின் சாப்பிட்டவர்களில் 100-க்கு 30 பேர் தேறினார்கள். மற்ற பக்கத்தில் 100-க்கு 4 பேர். 1989-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது, வாரா வாரம் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. தொடக்கத்தில் பரிசோதனையும் சேர்த்து ஒரு வருடச் செலவு ஏறக்குறைய 9,000 டாலர்.

இதற்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 2009-ல் அதே ஃபின்லாந்தில் 66,881 நோயாளிகளின் 11 வருடக் கணக்கைப் பார்த்தார்கள். மனநோய் மருந்துகளில் எதைச் சாப்பிட்டவர்கள் குறைவாக இறந்தார்கள் என்று பார்த்தால், குளோசபின். தற்கொலையைத் தடுப்பதிலும் அதற்குத் தனி இடம் இருக்கிறது. எட்டுப் பேரைக் கொன்ற மருந்து என்று எந்த நாட்டில் பெயர் எடுத்ததோ அதே நாட்டில் அதிகம் பேரைக் காப்பாற்றியதாகக் கணக்கு வந்தது. ரத்தப் பரிசோதனை என்ற காவலை வைத்ததால் நடந்த மாற்றம் இது. இன்றும் அதற்கு எச்சில் ஒழுகுவது, கடுமையான மலச்சிக்கல், எடை ஏறுவது, சிலருக்கு வலிப்பு, அபூர்வமாக இதயத் தசை வீக்கம் எல்லாம் உண்டு. அதனால்தான் இரண்டு மருந்துகளாவது பலிக்காதபோது அடுத்ததாக அதைக் கொடுக்கிறார்கள்.

குளோசபினைப் பார்த்து, அதன் நல்லது மட்டும் வரட்டும், ரத்தக் கோளாறு வர வேண்டாம் என்று கம்பெனிகள் வேலை செய்தன. அமெரிக்காவில் 1993-ல் ரிஸ்பெரிடோன், 1996-ல் ஒலான்சபின், 1997-ல் குவெட்டியாபின், 2001-ல் சிப்ரசிடோன், 2002-ல் அரிபிப்ரசோல் என்று வரிசையாக வந்தன. 'புதிய தலைமுறை மருந்து' என்று பெயர். அங்கே விலை எட்டாத உயரம். நம் நாட்டில் அப்போது 1970-ம் வருடத்திய காப்புரிமைச் சட்டம் இருந்ததால் நம்மூர் கம்பெனிகள் வேறு செய்முறையில் அதே மருந்தைத் தயாரித்து, அமெரிக்க விலையில் மிகச் சிறிய பங்குக்கு விற்றன. 2005 வரை அந்த வசதி இருந்தது. நம் ஏழை வீடுகளுக்கு இந்த மாத்திரைகள் எட்டியதற்கு அந்தச் சட்டம் ஒரு பெரிய காரணம்.

1999-ல் தம்பிக்கு ஒலான்சபின் ஆரம்பித்தார்கள். இரண்டு மாதத்தில் கை நின்றது. ஒரு நாள் சாயங்காலம் போனபோது கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. பட்டன் ஒன்று பிய்ந்த என் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன்.

ஆனால் அடங்காத பசி. ராத்திரி எழுந்து பழைய சோற்றுப் பானையைத் துழாவுவான். 56 கிலோ இருந்தவன் 79 கிலோ ஆனான். 2007-ல் சர்க்கரை 300-ஐத் தாண்டியது.

அவனுக்கு மட்டும் வந்த விதியல்ல இது. 2003-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் புதிய தலைமுறை மருந்துகள் அனைத்துக்கும் சர்க்கரை நோய் எச்சரிக்கை போடச் சொன்னது. 2004-ல் அங்குள்ள நீரிழிவு நிபுணர்களும் மனநல நிபுணர்களும் கூடி, இந்த மாத்திரை ஆரம்பிக்கும்போதே எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும், பிறகும் விடாமல் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டினார்கள்.

அதற்கு அடுத்த வருடம் வந்ததுதான் பெரிய அதிர்ச்சி. மருந்துக் கம்பெனிகள் தங்கள் மருந்தைத் தாங்களே சோதித்துப் புகழ்ந்துகொண்டிருந்ததால், அமெரிக்க அரசின் மனநல நிறுவனமே செலவு செய்து ஒரு பெரிய ஒப்பீடு நடத்தியது. 57 இடங்களில் 1,493 நோயாளிகள், 18 மாதங்கள். நாலு புதிய மருந்துகள், அவற்றோடு 1950-களில் வந்த பெர்ஃபெனசின் என்ற பழைய மலிவு மருந்து. 2005 செப்டம்பரில் முடிவு வெளிவந்தது. ஐந்தில் எதைக் கொடுத்தாலும் பெரும்பாலானவர்கள் தொடரவில்லை. மொத்தத்தில் 100-க்கு 74 பேர் 18 மாதம் முடிவதற்குள் அந்த மருந்தை விட்டுவிட்டார்கள். பலிக்காமல் விட்டவர்கள், தொந்தரவு தாங்காமல் விட்டவர்கள், வேண்டாம் என்று தாங்களே விட்டவர்கள். ஒலான்சபினில் இருந்தவர்கள்தான் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப் பிடித்தார்கள், எடை அதிகம் ஏறியதும் அவர்களுக்குத்தான். பழைய பெர்ஃபெனசின், மற்ற மூன்று புதிய மருந்துகளுக்குப் பெரிதாகச் சளைத்துப் போகவில்லை. 1964-ன் முடிவு திரும்பி வந்தது என்று சொன்னேனே, இதுதான். அடுத்த வருடம் இங்கிலாந்தில் 227 பேரிடம் நடந்த ஒப்பீடும், வாழ்க்கைத் தரத்தில் பழைய மருந்துகள் பின்தங்கவில்லை என்றே சொன்னது.

2019-ல் 32 மருந்துகளைப் பற்றிய 402 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பெரிய கணக்கு ஒன்று வந்தது. சாரம் இதுதான்: குளோசபின் போன்ற ஒரு சிலவற்றைத் தவிர, நோயைக் குறைக்கும் திறனில் மருந்துக்கு மருந்து வித்தியாசம் சிறியது. பக்க விளைவுகளில்தான் வித்தியாசம் பெரியது. ஆகவே எந்த மாத்திரை நல்லது என்ற கேள்வியை, எந்தத் தொந்தரவை இவரால் தாங்க முடியும் என்று மாற்றிக் கேட்க வேண்டும்.

வீட்டில் தெரிந்துவைத்துக்கொள்ள ஒரு வரிசை சொல்கிறேன். ஹாலோபெரிடால், ஃப்ளூபெனசின் வகையில் விறைப்பு, நடுக்கம். குளோர்ப்ரோமசினில் தூக்கம், எழுந்து நின்றால் தலைசுற்றல், வெயில் ஒத்துக்கொள்ளாமை. ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடில் மாதவிலக்குக் கோளாறு, மார்பில் பால், ஆண்களுக்கும் தாம்பத்தியக் குறை. அளவு கூடினால் ரிஸ்பெரிடோனிலும் நடுக்கம் வரும். ஒலான்சபின், குளோசபினில் எடை, சர்க்கரை, கொழுப்பு. குவெட்டியாபினில் தூக்கம், ஓரளவு எடை. சிப்ரசிடோனில் எடை குறைவாகவே ஏறும், ஆனால் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் கவனிக்க வேண்டும், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால்தான் மருந்து சரியாக உடம்பில் சேரும். அரிபிப்ரசோலில் எடையும் பாலும் குறைவு, சிலருக்குக் கால் நிற்காத தவிப்பு. இவை எல்லாருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. வந்தால் எங்கிருந்து வந்தது என்று தெரிவதற்காகச் சொல்கிறேன்.

நம் வயதுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. மறதி நோய் முற்றிய பெரியவர்கள் ராத்திரி கத்துகிறார்கள், அடிக்க வருகிறார்கள் என்று இதே மாத்திரைகளைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு இவை மரண அபாயத்தைக் கூட்டுகின்றன, அது ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல் என்று 2005-லேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. சில நேரம் வேறு வழியில்லாமல் குறைந்த அளவில், கொஞ்ச நாளைக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். பழைய சீட்டைக் காட்டிக் கடையில் தொடர்ந்து வாங்கிக் கொடுப்பது மட்டும் வேண்டாம்.

தம்பி கதையை முடித்துவிடுகிறேன். சர்க்கரை வந்ததும் அரிபிப்ரசோலுக்கு மாற்றினார்கள். எடை இறங்கியது. ஆனால் ராத்திரி முழுக்கத் திண்ணைக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தான். தையல் மிஷினில் ஐந்து நிமிடம் கால் நிற்கவில்லை. அப்போது புதிதாக வந்திருந்த ஒரு இளம் டாக்டர் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, "நீங்க என்ன வேலை பண்றீங்கய்யா? அதுக்கு எது இடைஞ்சலா இருக்கு?" என்று கேட்டார். முப்பது வருடத்தில் முதல் தடவை. தம்பி கால் மணி நேரம் பேசினான். கடைசியில் குறைந்த அளவு ரிஸ்பெரிடோன், சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, தினமும் நடை என்று முடிவானது. அது உலகத்திலேயே நல்ல மாத்திரை என்பதால் அல்ல. குறைந்த அளவில் அவன் கை நடுங்கவில்லை, அவ்வளவுதான். இன்னொரு வீட்டில் இளம்பெண்ணுக்கு அதே மாத்திரை ஆகாமல் போகலாம். இன்று அவனுக்கு 70 நெருங்குகிறது. தலையணை உறையும் பாவாடையும் தைக்கிறான். பழைய ஊசி நாட்களின் மிச்சமாக உதடு மட்டும் மெல்ல அசைந்துகொண்டே இருக்கும்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. மருந்துகள் வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகு நடந்தது அது. 2017-ம் வருட மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்திருக்கிறது. மாத்திரையை வெறுத்து ஒதுக்குகிறவர்கள் அந்தச் சங்கிலியை நினைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரை கொடுத்தாயிற்று, வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நூல் கோக்க முடியாத விரலை நினைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மாத்திரையின் பெயர், அளவு, ஆரம்பித்த தேதி, மாதம் ஒரு முறை எடை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை சர்க்கரை எழுதுங்கள். அதற்குக் கீழே, மாத்திரை வந்த பிறகு எந்த வேலை செய்ய முடியவில்லை என்று சாப்பிடுகிறவரையே எழுதச் சொல்லுங்கள், அல்லது அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை டாக்டர் அறைக்குள் போகும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வையுங்கள்.